வெக்டர் தடுப்பூசியும் நேர்மறை எலிசாவும்

எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் பங்கேற்ற ஒருவருக்கு, எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா பரிசோதனை நேர்மறையாக வரலாம். ஆனால் அவர் உடலில் எச்.ஐ.வி. இல்லாமலும் இருக்கலாம். கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம், ரிங்லெட் பக்கத்துத் தோட்டக் கிளினிக்குகளில் பரிசோதனை முடிவைத் தொழிலாளரிடம் சொல்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்த இதழின் ஆசிரியர் உரையை, நோய்க்கிருமியின் மரபணுத் துண்டுகளை வேறொரு வைரஸில் (வெக்டரில்) ஏற்றித் தரும் வெக்டர் தடுப்பூசிகளுக்கு ஒதுக்குகிறோம்.

தமிழர்கள் பங்கேற்ற ஆய்வொன்றிலிருந்தே தொடங்கலாம். 2006 ஜனவரியில், சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் டி.பி.சி.-எம்4 என்ற தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம், பன்னாட்டு எய்ட்ஸ் தடுப்பூசி முன்முயற்சி (ஐ.ஏ.வி.ஐ.) ஆகிய மூன்றும் சேர்ந்து இதை நடத்தின. இந்தியாவில் மிகுதியாகப் பரவும் சி வகை எச்.ஐ.வி.யின் மரபணுத் துண்டுகளை எம்.வி.ஏ. என்ற பாக்ஸ் வைரஸில் ஏற்றியிருந்தார்கள். தொற்றில்லாத 32 தன்னார்வலர்கள் முன்வந்தனர். எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அக்கம்பக்கம் விலகி நின்ற காலத்தில் அவர்கள் கையை நீட்டினார்கள். நம் துறை அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு, குறைந்த அளவு பெற்றவர்களில் 82 விழுக்காட்டினரிடமும் கூடுதல் அளவு பெற்ற அனைவரிடமும் டி-செல் எதிர்வினை தென்பட்டது. ஒரு பகுதியினரின் குருதியில் எச்.ஐ.வி. உறைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளும் தோன்றியது. நம் கவலை இந்த எதிர்ப்பொருளைப் பற்றியதுதான்.

“பலவீனமாக்கிய எச்.ஐ.வி.யையே ஊசியாகப் போடுகிறார்களா?” என்று நோயாளிகள் கேட்கிறார்கள். இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். குரங்குகளைத் தாக்கும் எஸ்.ஐ.வி.யில் நெஃப் மரபணுவை நீக்கிய வடிவம் வளர்ந்த குரங்குகளைக் காத்தது 1992-இல் தெரியவந்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. 1995-இல், இப்படி மரபணுக்கள் நீக்கப்பட்ட எஸ்.ஐ.வி. குரங்குக் குட்டிகளுக்கு நோயை உண்டாக்கியதும் அந்த வழி மனிதருக்கு அடைபட்டது. அதனால்தான் எச்.ஐ.வி.யின் மரபணுத் துண்டுகளைச் சுமக்க வேறு வைரஸ்களை நாடினார்கள். எம்.வி.ஏ. அவற்றில் ஒன்று. ஜெர்மனியில் அன்டன் மேயர் குழுவினர் வாக்ஸீனியா வைரஸைக் கோழிக்கரு உயிரணுக்களில் 500 முறைக்கு மேல் வளர்த்தெடுத்ததில் அதன் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 15 விழுக்காடு உதிர்ந்துபோனது. மனித உயிரணுவுக்குள் அது நுழையும், தன்னிடம் உள்ள மரபணுவைப் படிக்க விடும், ஆனால் பெருகாது. பெரியம்மைத் தடுப்புக்காக 1970-களில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இதைப் போட்டிருக்கிறார்கள்.

தடுப்பாற்றலைப் பொறுத்தவரை, வெக்டர் வழியின் வரலாறு ஆறுதல் தருவதாக இல்லை. 2007-இல் ஏ.டி.5 அடினோவைரஸைக் கொண்டு நடந்த ஸ்டெப் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஊசி பெற்ற ஆண்களில் சில பிரிவினருக்குத் தொற்று கூடுதலாகவே வந்தது. நம் அண்டை நாடான தாய்லாந்தில் 16,402 பேரிடம் நடந்த ஆர்.வி.144 ஆய்வில், கேனரிபாக்ஸ் வெக்டரும் புரத ஊசியும் சேர்ந்து 31 விழுக்காடு பாதுகாப்பைத் தந்தன. அதே உத்தியை சி வகைக்கு ஏற்ப மாற்றித் தென்னாப்பிரிக்காவில் சோதித்தபோது பயன் கிட்டவில்லை, 2020-இல் நிறுத்திவிட்டார்கள். எபோலாவுக்கும் கோவிட்டுக்கும் வெக்டர் தடுப்பூசிகள் கைகொடுத்தன. ஆகவே ஸ்டெப்பை மட்டும் விலக்கிவிட்டுப் பார்த்தால், குறையைத் தூக்கிச் செல்லும் வைரஸின் மேல் போடுவது சரியாகப் படவில்லை. ஓயாமல் உருமாறும் உறைப் புரதத்தில் எந்தப் பகுதியைக் காட்டினால் உடல் சரியான எதிர்ப்பொருளை உருவாக்கும் என்பதுதான் இன்னும் பிடிபடாதிருக்கிறது.

தடுக்கத் தவறிய தடுப்பூசியும் எதிர்ப்பொருளை விட்டுச்செல்கிறது. 2010-இல் ஜாமா இதழில் வந்த ஆய்வின்படி, தடுப்பூசி பெற்ற 2,176 பேரில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினருக்கு வழக்கமான பரிசோதனைக் கருவிகளில் ஒன்றிலேனும் நேர்மறை முடிவு வந்தது. பாக்ஸ் வெக்டர் பெற்றவர்களில் இது 53 விழுக்காடு. எந்த நிறுவனத்தின் கருவி என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். பல ஆண்டுகள் கழித்தும் இது நீடிக்கக்கூடும்.

மலேசியாவில் இத்தகைய நேர்மறை முடிவின் விளைவு கடுமையானது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமெமா பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் அடக்கம், நேர்மறை என்றால் வேலைக்குத் தகுதியற்றவர் என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் இப்படி வந்து உழைப்பவர்கள் ஏராளம். அறிவியலுக்காக உடலைத் தந்த ஒருவர், அதன் காரணமாகவே பிழைப்பை இழப்பது நேரக்கூடாத அநியாயம்.

ஆகவே எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு முன் கேட்கும் கேள்விகளோடு, “எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு எதிலாவது பங்கேற்றீர்களா?” என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம் என்றால், நேர்மறை எலிசாவை வெஸ்டர்ன் பிளாட் கொண்டு உறுதிசெய்ய முயல வேண்டாம். தடுப்பூசியின் எதிர்ப்பொருள் அங்கேயும் கோடிடும். ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புங்கள். அவர் தொற்றைத் தடுக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மருந்தை எடுப்பவராக இருந்தால் ஒரே ஒரு எதிர்மறை ஆர்.என்.ஏ. முடிவை நம்பிவிடக் கூடாது; இடைவெளி விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். ஆய்வு மையம் தந்த அட்டை கையில் இருந்தால் அந்த மையத்தோடு தொடர்புகொள்ளுங்கள். உண்மைத் தொற்றைப் பிரித்தறியும் பரிசோதனையைப் பல மையங்கள் இலவசமாகவே செய்துதருகின்றன. அதன் முடிவு கைக்கு வரும்வரை நோயாளியின் பதிவேட்டில் ‘எச்.ஐ.வி. நேர்மறை’ என்று எழுத வேண்டாம்.