படகில் நின்று சொன்ன பாவசங்கீர்த்தனம்

ஹவாயின் மொலக்காய் தீவில், தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த கரைக்கு 1873-ல் போய்ச் சேர்ந்தபோது குருவானவர் தமியானுக்கு வயது 33. பாவசங்கீர்த்தனம் கேட்க அங்கே வேறு குரு இல்லை. ஒருநாள் அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தார். அவர் இறங்கவும் கூடாது, தமியான் ஏறவும் கூடாது என்றாகிவிட்டது. சிறு படகில் நின்றபடியே தமியான் தம் பாவங்களை உரக்கச் சொன்னார். பிரெஞ்சு மொழியில்தான், ஆனாலும் தளத்தில் இருந்தவர்களில் யாருக்குப் புரிந்ததோ!

ஆஸ்தியை விட்டவர்கள்கூட நல்ல பெயரை லேசில் விடுவதில்லை. அதற்காகத் தமியான் சாதுவாகிவிடவில்லை. முன்கோபி, பிடிவாதக்காரர், மேலிடத்தோடு சண்டை. ஆனால் பிரசங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே ‘தொழுநோயாளிகளாகிய நாம்’ என்பார். நோய் அவர் உடம்பில் தெரிந்தது பல வருடங்கள் கழித்துத்தான்.