மஞ்சளுக்கு எந்த ஃபிலிம்?

புனே கேம்ப்பில், ஈஸ்ட் ஸ்ட்ரீட் பக்கத்து இரானி ஓட்டல் மேஜை மீது நண்பரின் மகள் மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்தாள். எக்டார் 100, கோல்ட் 200, போர்ட்ரா 400. தாத்தா விட்டுப்போன கேமராவோடு ஞாயிற்றுக்கிழமை காரில் ஜெஜூரி போகிறாளாம். “மாமா, இந்த மூணுல எது நல்ல கலர்?”

கேள்வியிலேயே கோளாறு. 2003ல் நானும் இதையேதான் கேட்டேன்.

ஜெஜூரி இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஹடப்சர் தாண்டி, திவே காட் ஏறி, சாஸ்வட் வழியாகப் போக வேண்டும். குன்றின் மேல் கண்டோபா கோயில். “ஜய் மல்ஹார்” என்று கூவியபடி பக்தர்கள் மஞ்சள்பொடியை வாரி வாரி இறைப்பார்கள். கருங்கல் படி, தீபமாலைத் தூண், மனிதர்கள், நாய்கள், சகலமும் மஞ்சள். அருண் கொலாட்கரின் ‘ஜெஜூரி’ கவிதை நூலைப் (1976) படித்துவிட்டு அங்கே கிளம்புகிற ஒரு கூட்டம் உண்டு. நானும் அதில் சேர்ந்தவன். அடர்ந்த நிறத்துக்குப் பேர்போன வெல்வியா ஸ்லைடு ஃபிலிம் இரண்டு சுருள் வாங்கினேன். அப்போதைய சம்பளத்துக்கு அது ஆடம்பரம்.

கழுவி வந்தபோது மஞ்சள் முழுக்க விபூதியாகியிருந்தது.

தப்பு என்னுடையதுதான். உச்சி வெயிலில் கேமராவின் ஒளிமானி கருங்கல் படிகளைப் பார்த்து, “இருட்டாக இருக்கிறது, இன்னும் வெளிச்சம் வேண்டும்” என்று சொன்னது. நானும் கொடுத்தேன். படி அழகாக விழுந்தது. அதன் மேல் பறந்த மஞ்சள் வெளுத்துப் போனது. ஸ்லைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் கூடினாலே முகம் வெளிறத் தொடங்கும். வெளுத்த இடத்தில் ஃபிலிம் வெறும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. நெகடிவ் அப்படியல்ல. இரண்டு ஸ்டாப் அதிகமானாலும் பொறுத்துக்கொள்ளும். வெளிச்சம் குறைந்தால்தான் அதற்கு ஆகாது. நிழல்கள் சேறாகி, புள்ளிகள் மணல் மாதிரி எழும்பும்.

ஆகவே கேட்க வேண்டியது நிறத்தைப் பற்றியல்ல, வெளிச்சத்தைப் பற்றி. அவள் விடியுமுன் கிளம்புகிறாள். காட் ஏறும்போது மங்கல். பத்து மணிக்குப் படிகளில் கொளுத்தும் வெயில். கோயிலுக்குள் இருட்டு. மூன்றுக்கும் மூன்று ஃபிலிம் என்பது கடைக்காரருக்கு நல்ல யோசனை. ஆனால் பாதிச் சுருளில் கழற்றி மாற்றுவது, அதுவும் மஞ்சள்தூள் காற்றில் கேமராவின் பின்கதவைத் திறப்பது, வேண்டாத வினை. பகல் முழுக்க ஒரே 400 போதும். எக்டாரின் சிவப்பும் நீலமும் கண்ணைப் பறிக்கும், ஒப்புக்கொள்கிறேன். கோயிலுக்குள் 100ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தத் தொழிலின் பெரிய கைகளும் தெரிந்த ஒரு ஃபிலிமையே கட்டிக்கொண்டு அலைந்தவர்கள்தான். அம்பாசிடர் காரில் நாட்டைச் சுற்றி, அதன் கதவையும் கண்ணாடியையுமே படத்துக்குச் சட்டமாக்கிய ரகுபீர் சிங் (1942-1999) கறுப்பு வெள்ளையைக் கிட்டத்தட்ட ஒதுக்கியே வைத்தார். இந்தியாவை வண்ணத்தில்தான் பார்க்க முடியும் என்பது அவர் கட்சி. அவர் பெரிதும் நம்பியது கோடாக்ரோம். 1935ல் வந்த அந்த ஸ்லைடு ஃபிலிமை 2009ல் நிறுத்தினார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த கடைசிச் சுருள் ஸ்டீவ் மெக்கரி கைக்குப் போனது. 36 படங்கள். நியூயார்க்கில் தொடங்கி, இந்தியாவுக்கு வந்து ராஜஸ்தானின் ரபாரி மக்களைப் படமெடுத்து, 2010ல் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் முடித்தார். அங்கேதான் அதைக் கழுவும் கடைசிக் கூடம் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதியோடு அதுவும் கோடாக்ரோமுக்கு மூடிக்கொண்டது.

நமக்கும் ஒவ்வொரு சொடுக்கும் கணக்குத்தான். 2003ல் நெகடிவ் சுருள் நூற்றுச் சொச்சம் ரூபாய், இன்று ஆயிரத்துக்கு மேல். கழுவும் கூலி தனி. ‘காரில் டாஷ்போர்டு மேல் மட்டும் வைத்துவிடாதே, வெயிலில் வெந்துபோகும். ஒளிமானியைப் படிக்குக் காட்டாதே, உன் உள்ளங்கைக்குக் காட்டு’ என்றேன்.

எக்டாரையும் கோல்டையும் கொடுத்துவிட்டு இன்னொரு 400 வாங்கக் கிளம்பினாள். கடைக்காரர் ஒன்றைத்தான் திரும்ப எடுத்துக்கொண்டாராம். மிச்சமான எக்டாரை என்ன செய்வதென்று போனில் கேட்டாள். என்னிடம் கொடுத்துவிடு என்றேன். இன்னும் தரவில்லை.