நெய்தல் நிலத்து மக்களும் கல்வியும்

முத்துக்குப் பெயர்போனது நம் பாண்டி நாடு. கொற்கை முத்தின் சிறப்பினை மதுரைக்காஞ்சி முதலிய சங்கநூல்களைப் பயிலும் மாணவர் நன்கறிவர். அம்முத்தினை உயிரைப் பணயமாக வைத்து மூழ்கியெடுத்த பரதவரின் வழித்தோன்றல்கள் இன்றும் வேம்பாறு முதல் பெரியதாழை வரையுள்ள கடற்கரையூர்களில் வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் முன்னோர் எடுத்த முத்துக்கு விலை கூறினோர் பலர். அவர்தம் மக்கள் கற்ற கல்வி எத்துணை என்று கேட்டோர் சிலரே. அவ்வினாவை நம் கல்லூரி அன்பர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரையார் இயல்பாகவே கல்வியில் நாட்டமில்லாதவர் என்று கூறுவாருளர். வரலாறு அக்கூற்றை மறுக்கின்றது. 1542-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த தூய சவேரியார், சிறுவர்களைக் கூட்டித் தமிழிலேயே மந்திரங்களைக் கற்பித்தார். அவர்க்குப்பின் வந்த அண்டிரிக்கி அடிகளார் நம் மொழியை முறையாகக் கற்று, அதற்கு இலக்கணமும் வகுத்தார். அவர் தமிழில் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறிற்று. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான நூல்களுள் அதனினும் பழமையானது இன்று நமக்குக் கிடைத்திலது. அவ்வச்சுப் பணிக்குப் பொருள் திரட்டி அளித்தோர் முத்துக்குளித்துறை மக்களேயாவர். தம் உழைப்பின் ஊதியத்தை நூல் அச்சிட ஈந்தவரின் வழிவந்தோரைக் கல்விக்குப் பகைவர் எனல் பொருந்துமோ?

ஆயின், இக்கரைச் சிறுவர் பலர் பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திவிடுதல் ஏன்? காரணத்தை அவர்தம் உள்ளத்தில் தேடுதல் வீண். அவர்தம் வாழ்க்கை முறையில் தேடுதல் வேண்டும்.

முதலாவது, கடல்தொழிலில் மாதச்சம்பளம் என்பது இல்லை. கிடைத்த மீனில் பங்கு உண்டு. இன்று மிகுதி, நாளை வெறுங்கை. பதினாறு வயதிளைஞன் ஒருவன் படகேறினால் அன்றிரவே அவன் கையிற் காசு புரளும். படிப்பின் பயனோ பத்தாண்டு கழித்து வருவது. கடனுக்கு வட்டி கட்டும் வீட்டில் பத்தாண்டு காத்திருத்தல் எளிதன்று. இரண்டாவது, தந்தை விடியுமுன் கடலுக்கும் தாய் மீன்கூடையுடன் சந்தைக்கும் சென்றுவிட்டால், இளங்குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு மூத்த பெண்ணின்மேல் விழுகின்றது. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்க்கெதிரே விழும் விடுப்புக் குறிகள் சோம்பலின் அடையாளங்களல்ல.

மூன்றாவது காரணம் பலர் கருதிப் பாராதது. கிழக்குக் கடற்கரையில் மீனினம் பெருகுதற்பொருட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது விதி. விதி நன்று, அதனைக் குறைகூறுவார் அறிவிலர். ஆனால், தேர்வு முடிவுகள் வெளிவருவதும், கல்லூரியில் இடம் பெறுவதும், முதற்கட்டணம் செலுத்துவதும் பெரும்பாலும் அதே நாட்களில் அல்லவா நிகழ்கின்றன? படகு கரையில் கட்டப்பட்டிருக்கும் நாளில் கல்லூரி வாயில் திறக்கின்றது. அது மூடுங்காலத்தில் படகு கடலேறுகின்றது. தடைக்காலத்திற்கு அரசு தரும் நிவாரணத் தொகை அடுப்பெரியத் துணைசெய்யும். கட்டணத்திற்கு அது போதாது. ஆகவே தந்தை படகு முதலாளியிடமோ மீன் வணிகரிடமோ முன்பணம் பெறுகின்றார். அன்றி, மகன் படிப்பை விட்டுப் படகேறுகின்றான்.

இதுவரை ஒன்றும் செய்யப்படவில்லை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். பசித்த வயிற்றுக்குக் கல்வி ஏறாது எனக் கண்டு, பள்ளியில் நண்பகல் உணவு வழங்கும் திட்டத்தைக் காமராசர் 1956-இல் தொடங்கியது இம்மாவட்டத்து எட்டயபுரத்திலேயே. தூத்துக்குடியில் பெண்களுக்கென 1948-இல் தூய மரியன்னை கல்லூரி எழுந்தது. 1977-இல் மீன்வளக் கல்லூரி தோன்றியது. உயர்கல்வி பயிலும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவியர்க்கு மட்டும் தொடங்கப்பட்டது. கடற்கரையூர்ப் பள்ளிகளிற் பல திருச்சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளாதலின், இக்கரைப் பெண்கள் பலர் அதன் பயனைப் பெற இயலாதிருந்தது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோர்க்கும் அஃது உரியது என விரிவாக்கப்பெற்ற விழா 2024 டிசம்பர் 30-ஆம் நாள் தூத்துக்குடியிலேயே நடைபெற்றது. மகிழத்தக்க செய்தி.

எனினும் ஒன்று கூறுவேம். இவ்வுதவிகளிற் பல, கல்லூரி வாயிலை எட்டியவர்க்கே கைகொடுப்பன. வாயிலுக்கு வருமுன் வழியில் நின்றுவிடுபவனுக்கு யார் துணை?

இவ்விடத்துப் பிறநாட்டுச் செய்தி ஒன்று நினைக்கத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் பலகோடி மக்கள் தொகையின. நம் கரையில் பர்னாந்து, கோமஸ் என்னும் பெயர்கள் போர்த்துக்கீசியரால் வழங்கலாயின. அங்கோ பெர்னாண்டஸ், கோமஸ் என்பன ஸ்பானியர்வழி வந்த பெயர்கள். பெயரால் மட்டுமன்று, துயராலும் அவர் நமக்கு உறவினர்: நாட்கூலி, பெற்றோர்க்குப் புரியாத பள்ளிமொழி, இடையில் நின்ற படிப்பு. தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு நடைபெற்ற அதே 1961-ஆம் ஆண்டில், அந்தோனியா பாந்தோஜா என்னும் போர்ட்டோரிக்கப் பெண்மணி நியூயார்க்கில் அஸ்பிரா என்னும் கழகத்தை நிறுவினார். பள்ளி மாணவரைச் சிறு சங்கங்களாகக் கூட்டி, மேற்படிப்புக்கு வழிகாட்டி, தம் இனத்துக்குத் தாமே தலைவராகப் பழக்குவது அதன் பணி. 1973-இல் டெக்சாஸ் நாட்டுச் சான் அந்தோனியோ நகரில் தோன்றிய அவான்சே என்னும் அமைப்பு, குழந்தையை மட்டுமின்றித் தாயையும் மாணவியாக்கிற்று. இவ்விரண்டும் கற்பிக்கும் பாடம் ஒன்றே: குடும்பத்தையும் ஊரையும் விடுத்து மாணவனை மட்டும் தனியே தூக்கிவிட முயலும் உதவி நீடித்து நில்லாது.

ஆகலின் நம் கரைக்கு வேண்டுவன யாவை? ஊர்தோறும் ஒரு மாலைப் படிப்பகம் வேண்டும். சிறுவீடுகளில் விளக்கும் அமைதியும் அரிய. கோவிலைச் சார்ந்த கூடமோ பள்ளியறையோ மாலையில் திறந்திருந்தாற் போதும். அங்கே சின்னஞ்சிறார்க்கும் ஒரு மூலை இருக்குமாயின், மூத்த பெண்ணின் தோளிலுள்ள பாரமும் குறையும். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாத வழக்கமுடைய ஊர்களில், அந்நாளிலேயே பெற்றோரைக் கூட்டி, எப்படிப்பு எவ்வேலைக்கு வழி, எவ்வுதவிக்கு எச்சான்று தேவை என்பவற்றைத் தெளிந்த தமிழில் விளக்குதல் வேண்டும். மூன்றாவது, தடைக்காலத்துக்கென வட்டியில்லாக் கடன்நிதி ஒன்று வேண்டும். பிடிபட்ட மீனில் ஒரு பங்கைக் கோவிலுக்கும் ஊர்ப்பொதுவுக்கும் ஒதுக்கும் பழக்கம் இம்மக்களுக்குப் புதிதன்று. அதில் ஒரு சிறுகூறு கல்விக்கென ஒதுங்குமாயின், ஏப்ரலில் பிறர் வாயிலில் நிற்கும் இழிவு நீங்கும். மீன் மிகும் மாதங்களில் கடனைத் திருப்பலாம்.

"எல்லோரும் படித்துவிட்டால் கடலுக்குப் போவார் யார்?" என்று வினவுவாருளர். உழவன் மகன் கற்றால் ஏர் பிடிப்பார் யார் என்றும் முன்பு ஒருகாலத்தில் வினவினர். கடல்தொழில் இழிந்ததன்று; காற்றையும் நீரோட்டத்தையும் விண்மீனையும் ஓதாது உணர்ந்தோர் தொழில் அது. யாம் வேண்டுவது அதனை ஒழித்தலன்று. வேறுவழியின்றி அதில் வீழ்தலை ஒழித்தலே. கற்றவன் விரும்பிக் கடலேறுவானாயின், வலையின் கண்ணளவையும் மீனின் விலையையும் அவனே தீர்மானிப்பான். ஏலத்தில் பிறர் சொன்ன கணக்கிற்குத் தலையசைத்து நில்லான். மீன்வளக் கல்லூரியின் ஆசிரியர் இருக்கைகளில் கட்டுமரக்காரரின் மக்கள் அமரும் நாளே அக்கல்லூரி இக்கரைக்கு முழுதும் உரித்தாகும் நாள்.

அன்புடைய மாணவத் தோழர்களே, நாம் பொருளுடையோம் அல்லேம். ஆயினும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது நம்மிடம் உண்டு. கணக்கில் வல்லார் கணக்கும், ஆங்கிலத்தில் வல்லார் ஆங்கிலமும், தமிழ் பயில்வேம் தமிழும் ஏதேனும் ஒரு கடற்கரையூரில் சென்று கற்பிக்கலாம். பழைய மாணவர்களாகிய பெரியோர், கடன்நிதிக்கு முதல் தொகை ஈந்து துணைநிற்கலாம். ஆசிரியப் பெருமக்கள் இவ்வாண்டே அதற்கொரு குழுவை அமைத்தருளலாம்.

முத்துக்குளிப்பு ஓய்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. இனிக் கடலடியில் தேடவேண்டுவதில்லை. இக்கரையின் முத்துக்கள் மணல்மேலேயே ஓடியாடுகின்றன. அவற்றை நாம் அறிந்து எடுத்துக்கொள்வோமா என்பதே வினா.