முட்டுக்கட்டையும் மெஜாரிட்டியும்

பார்லிமெண்டில் கூச்சலிட்டு நடவடிக்கைகளைத் தடுப்பது எதிர்க்கட்சியின் உரிமையா, குற்றமா என்னும் விவகாரம் டில்லியிலுள்ள பெரிய மனிதர்களின் தகராறு. நமக்கென்ன என்று விருதுநகர் ஜில்லா மக்கள் இருந்துவிடலாகாது. 17-வது லோக்சபையின் ஐந்தாண்டு ஆயுளில் அத்தொகுதியின் பிரதிநிதி ஸ்ரீ மாணிக்கம் தாகூர் மூன்று தடவை சபையினின்று விலக்கி வைக்கப்பட்டார். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஆறு சட்டசபைத் தொகுதிகளைச் சேர்ந்த மக்கள் அனுப்பிய ஒரே குரல் மூன்று தடவை அடைக்கப்பட்டது. ஆகவே இது நம் வீட்டு வழக்கே ஆகும்.

நடந்தவற்றை முதலில் நினைவுகூர்வோம். 2020 மார்ச்சில் டில்லிக் கலகங்களைப் பற்றி உடனே விவாதிக்கவேண்டுமென்று காங்கிரஸ் அங்கத்தினர்கள் கிளர்ச்சி செய்தனர். ஹோலிப் பண்டிகைக்குப் பிறகு பார்க்கலாம் என்றது சர்க்கார். மார்ச் 5-ஆம் தேதி ஏழு பேர் விலக்கப்பட்டனர். மார்ச் 11-ஆம் தேதி தண்டனை ரத்தாயிற்று. அன்றே விவாதமும் நடந்தது. 2022 ஜூலையில், பொட்டலமிட்ட அரிசி, மாவு, தயிர் முதலியவற்றின்மீது ஜி.எஸ்.டி. வரி விதிக்கப்பட்டதையும் விலைவாசி உயர்வையும் ஆட்சேபித்து அட்டைகளைத் தூக்கிக் காட்டியதற்காக ஜூலை 25-ஆம் தேதி நால்வர் விலக்கப்பட்டனர். ஆகஸ்டு 1-ஆம் தேதி அத்தண்டனையும் நீங்கிற்று. விலைவாசி விவாதம் அன்றே ஆரம்பமாயிற்று. இரு தடவையும் எதிர்க்கட்சி கேட்டது நியாயமான விவாதந்தான் என்பதைப் பின்னர் அதற்கு இசைந்ததன்மூலம் சர்க்காரே ஒப்புக்கொண்டது. ஆறேழு நாட்களுக்குப் பின் கொடுக்கக்கூடியதை முதல் நாளே கொடுத்திருந்தால் சபையின் மானமும் பொழுதும் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் தடவை கதை இவ்விதம் முடியவில்லை. 2023 டிசம்பர் 13-ஆம் தேதி, பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் சபைக்குள் குதித்துப் புகை கிளப்பினர். இதைப் பற்றி உள்நாட்டு மந்திரி சபையில் அறிக்கை தரவேண்டுமென்று எதிர்க்கட்சிகள் வற்புறுத்தின. பாதுகாப்பு சபாநாயகரின் பொறுப்பு என்று சர்க்கார் தரப்பு பதில் சொல்லிற்று. 14-ஆம் தேதி தொடங்கிய நீக்கம் சில தினங்களில் இரு சபைகளிலும் சேர்த்து 146 பேரை எட்டிற்று. அவர்களில் 100 பேர் லோக்சபையைச் சேர்ந்தவர்கள். காலியான ஆசனங்களுக்கு முன்னே தேசத்தின் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றியமைக்கும் மசோதாக்கள் டிசம்பர் 20-ஆம் தேதி லோக்சபையில் நிறைவேறின. டெலிகம்யூனிகேஷன் மசோதாவும், தேர்தல் கமிஷனர் நியமன மசோதாவும் அவ்வண்ணமே நிறைவேறின. அந்தச் சட்டங்கள் நல்லவையா, தீயவையா என்பதை இங்கு நாம் ஆராயவில்லை. நல்ல சட்டமாயினும், எதிர்வாதம் கேளாமல் எழுதிய தீர்ப்பைப் போன்றதே அது என்றுதான் சொல்கிறோம்.

இரு கட்சியாரின் வாதமும் நமக்குத் தெரிந்தவையே. "ஜனங்கள் எங்களை ஆளும்படி ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், சிலர் கூச்சலிட்டு அதைத் தடுப்பது ஜனநாயகத் துரோகம்" என்பது ஆளுங்கட்சியின் வாதம். "பேச இடங்கொடாத சபையில் கூச்சலன்றி வேறு வழி ஏது?" என்பது எதிர்க்கட்சியின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எந்த வாதத்தை எவர் சொல்வது என்பதை மட்டும் ஆசனங்களின் இடமே நிர்ணயிக்கிறது.

2010-ஆம் வருஷத்துக் குளிர்காலத் தொடர் முழுவதையும் ஸ்பெக்ட்ரம் விவகாரத்துக்காக நடக்கவொட்டாமல் செய்தது அன்று எதிர்க்கட்சியாயிருந்த பாரதிய ஜனதா. முட்டுக்கட்டையும் ஜனநாயக முறைகளில் ஒன்றே என்று அன்று அதன் தலைவர்கள் வாதித்தனர். அதை அராஜகம் என்றது காங்கிரஸ். பிற்பாடு ஆசனங்கள் மாறின, வாதங்களும் மாறின. சென்னைக் கோட்டையிலும் இதே நாடகந்தான். 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி ஸ்ரீ எடப்பாடி பழனிசாமியின் மந்திரிசபை நம்பிக்கை கோரியபோது, ரகசிய ஓட்டெடுப்புக் கேட்டுக் கிளர்ச்சி செய்த தி.மு.க. அங்கத்தினர்கள் வெளியேற்றப்பட்டனர், அதன் பிறகே 122-க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறிற்று. 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளைப் பற்றிக் கிளர்ச்சி செய்த அ.இ.அ.தி.மு.க. அங்கத்தினர்களை எஞ்சிய தொடர் முழுவதும் விலக்கி வைத்தது தி.மு.க. ஆட்சியில் நடந்த சபை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதையை இதைவிட நன்றாக எவரால் நடித்துக்காட்ட முடியும்?

இந்த நோய் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க செனட்டில் 100 பேரில் 60 பேர் இசைந்தாலொழிய ஒரு மசோதாவின் மீதான விவாதத்தை முடிக்கவியலாது. இந்த உரிமையைக் கொண்டு 1957-இல் ஸ்ட்ராம் தர்மண்டு என்பவர் நீக்ரோ மக்களின் ஓட்டுரிமைக்கான மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிஷம் இடைவிடாது பேசினார். சிறுபான்மைக்காக ஏற்பட்டதென்று சொல்லப்படும் ஆயுதம் அங்கே உண்மையான சிறுபான்மையோரின் கழுத்தையே நெரித்தது. அம்முறையைப் பெரும்பாலான நியமனங்களில் 2013-இல் டெமாக்ரட் கட்சியினர் ஒழித்தபோது ரிபப்ளிகன்கள் குமுறினர். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி நியமனத்திலும் 2017-இல் ரிபப்ளிகன்கள் ஒழித்தபோது டெமாக்ரட்டுகள் குமுறினர். பிரிட்டனிலோ, 1881-இல் பார்னெலின் ஐரிஷ் கட்சியினர் காமன்ஸ் சபையை 41 மணி நேரம் இழுத்தடித்தனர். சபாநாயகர் பிராண்டு தம் சொந்த அதிகாரத்தால் விவாதத்தை நிறுத்தினார். அன்று அயர்லாந்தின் வாயை அடைக்கப் பிறந்த விதியே நாளடைவில் எல்லாக் கட்சிகளின் வாயையும் அடைக்கும் விதியாயிற்று.

நம் தேசத்திலும் முட்டுக்கட்டைக்குக் கௌரவமான சரித்திரம் உண்டு. 1923 தேர்தலில் வென்று உட்புகுந்த சுயராஜ்யக் கட்சியினர், பண்டித மோதிலால் நேருவின் தலைமையில் 1924-இல் மத்திய சட்டசபையில் மான்யங்களையும் வரி மசோதாவையும் நிராகரித்தனர். வைசிராயோ தம் விசேஷ அதிகாரத்தால் அவற்றைச் செல்லுபடியாக்கினார். அன்று சபையின் மெஜாரிட்டி ஜனங்களிடம் இருந்தது. அதிகாரம் அந்நியனிடம் இருந்தது. ஆகவே அன்று முட்டுக்கட்டை தேசபக்தியாயிற்று. இன்று அதிகாரம் ஜனங்களின் ஓட்டிலிருந்து பிறக்கிறது. அந்தப் பழைய ஆயுதத்தை இன்று எடுக்கிறவர் இரட்டிப்பு நிதானத்துடன் எடுக்கவேண்டும்.

ஆனால் மெஜாரிட்டி என்பதுதான் யாது? விருதுநகரைக் காட்டிலும் இதை நன்கு அறிந்த ஊர் இராது. 1967-இல் பெருந்தலைவர் காமராஜ் தம் சொந்த ஊரிலேயே 1,285 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஜனங்களின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். 2024 லோக்சபைத் தேர்தலில் ஸ்ரீ மாணிக்கம் தாகூர் 4,379 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். பதிவான ஓட்டுக்களில் பாதியை எந்த அபேட்சகரும் பெறவில்லை. 2019-இல் 303 ஸ்தானங்களைக் கைப்பற்றிய பாரதிய ஜனதாவும் தேசத்தின் ஓட்டுக்களில் 37 சதவீதத்தைச் சற்றே மிஞ்சிப் பெற்றது. ஆளும் உரிமையை இந்த எண்கள் கொடுக்கின்றன. அதை நாம் மறுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் பேசலாகாது என்று சொல்லும் உரிமையை எந்த எண்ணும் கொடுப்பதில்லை.

சிவகாசியின் நிலைமையை நோக்குங்கள். வெடிமருந்து லைசென்ஸும் அதன் விதிகளும் மத்திய சர்க்காரின் கையிலிருப்பவை. அவற்றை நடத்தும் ஸ்தாபனத்தின் தலைமை நாகபுரியில் இருக்கிறது. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி ரெங்கபாளையத்தில் வெடிவிபத்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2024 பிப்ரவரி 17-ஆம் தேதி வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் மேலும் பத்துப் பேர் மாண்டனர். இவ்விரு துக்கங்களுக்கும் நடுவேதான் அத்தொகுதியின் அங்கத்தினர் வெளியே நிறுத்தப்பட்டார். அவர் உள்ளே இருந்திருந்தால் விபத்து நின்றிருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால் மருந்து கலக்கும் அறையில் கூலிக்குக் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு டில்லியில் ஒரு நாவுதான் உண்டு. அதை அறுத்தவர்கள் ஓர் அங்கத்தினரைத் தண்டித்ததாக நினைக்கலாம். உண்மையில் தண்டனை பெற்றவள் அவளே. அதே போல, அந்த நாவைக் கேள்வி கேட்பதற்குப் பயன்படுத்தாமல் கோஷத்துக்கே செலவழிப்பவரும் அவளுக்கு நன்மை செய்தவராகார். கேள்வி நேரம் கலைந்த ஒவ்வொரு நாளும் மந்திரிகளுக்கு விடுமுறை நாள் என்பதை எதிர்க்கட்சியார் உணரவேண்டும்.

நம் சபைகளில் பேசிப் பேசி மசோதாவைத் தடுக்க வழியில்லை. கட்சியின் பலத்துக்குத் தக்கபடி நிமிஷங்கள் பங்கிடப்படுகின்றன. எதைப் பேசுவது என்பதும் பெரும்பாலும் சர்க்காரின் சித்தம். பேச வழியில்லாத இடத்தில் கூச்சல் பிறக்கிறது. ஆகவே பரிகாரம் தண்டனையில் இல்லை. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் ஒரு தொடருக்கு 20 தினங்கள் எதிர்க்கட்சிகளுக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. அன்று பொருளை அவர்களே குறிக்கிறார்கள். இங்கும் அவ்விதம் செய்யலாம். எதிர்க்கட்சிக்கு அளிப்பதே நல்ல மரபாயிருந்த உப சபாநாயகர் பதவி 17-வது லோக்சபையில் ஐந்தாண்டும் காலியாகவே கிடந்தது. இத்தகைய அசட்டை இனி கூடாது. ஓர் அங்கத்தினரைத் தொடர் முழுவதும் நீக்குவதாயின், சபை ஒழுங்குக்குப் பொறுப்பான கமிட்டி இரு தரப்பையும் விசாரித்த பிறகே நீக்கவேண்டும். இவை கிடைத்தபின், சபையின் நடுவே இறங்கி நிற்பதை எதிர்க்கட்சிகள் கைவிடவேண்டும். விவாதத்தைப் பெறுவதற்காகத் தடுப்பதை நாம் மன்னிப்போம். ஓட்டெடுப்பே நடவாதபடி தடுப்பதை மன்னியோம்.

கட்சிகள் தாமாகத் திருந்துமென்று நாம் நம்பவில்லை. ஜனங்களே அவற்றைத் திருத்தவேண்டும். இனி ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு அபேட்சகரிடமும் விருதுநகர், சிவகாசி வாக்காளர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "நீர் எதிர்க்கட்சியிலிருக்கும்போது கேட்கும் உரிமையை, ஆளும்போது எதிரிக்குக் கொடுப்பீரா?" இதற்கு நேரான பதில் சொல்லாதவர் எக்கட்சியினராயினும், அவரை அனுப்புவதில் பயனில்லை.