கூட்டத்துக்குப் பயந்து நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு

"இதுக்குத்தான்டா சொல்றேன். கெளம்பிடு. இந்த நாட்ல மனுஷன் இருப்பானா?"

பின்சீட்டில் இருந்த கல்லூரி நண்பன் இதைச் சொன்னபோது மணி மாலை ஆறரை. மே மாதக் கடைசி ஞாயிறு, ஏற்காட்டில் கோடை விழா. மூன்று மணிக்கே ஏரிக்கரையிலிருந்து கிளம்பிவிட்டோம். சேலம் அடிவாரத்துக்கு இறங்கும் வழக்கமான பாதையில், 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில், வண்டிகளை விடவில்லை. எல்லோரையும் குப்பனூர் பக்கம் திருப்பிவிட்டார்கள். குப்பனூருக்கு மேலே எங்கேயோ ஒரு திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஐந்து வயது மகள் மூன்றாவது முறையாக "பாத்ரூம் வருதுப்பா" என்றாள். என் கைப்பேசியில், மியூனிக்கிலிருந்து வந்த ஒரு வேலைக் கடிதம். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நண்பன் சொன்ன வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள். பொங்கலுக்கு முந்தைய நாள் தாம்பரத்தில் நிற்கும்போது, தீபாவளி முடிந்து பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். என் கல்லூரி வாட்ஸப் குழுவில் வருடத்துக்கு நான்கு முறை, ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் தவறாமல் இந்தப் பேச்சு வரும். அதன் கட்டமைப்பு எப்போதும் ஒன்றுதான்: இங்கே கூட்டம், அங்கே இல்லை; நமக்கு சிவிக் சென்ஸ் கிடையாது, அவர்களுக்கு உண்டு; ஆகவே கிளம்பு. நானும் பல வருடம் இதைச் சொன்னவன்தான். இப்போது சொல்கிறேன், இது பொய். அறியாமல் சொல்கிற பொய் என்றால்கூட விட்டுவிடலாம். நமக்கு வசதியாக இருக்கிறது என்பதால் சொல்கிற பொய் இது.

முதலில் 'அங்கே கூட்டமில்லை' என்பதை எடுத்துக்கொள்வோம். 2018, 2019 இரண்டு வருடங்கள் நான் மியூனிக்கில் ஆன்சைட்டில் இருந்தேன். 2019 கோடையில் ஒரு சனிக்கிழமை, நான்கு பேர் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு இத்தாலியின் கார்டா ஏரிக்குக் கிளம்பினோம். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தைத் தாண்டி, பிரென்னர் கணவாய் வழியாகப் போக வேண்டும். பாதி ஜெர்மனி எங்களோடு வந்தது. நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணத்துக்கு ஒன்பது மணி நேரம். முன்னால் கூரையில் சைக்கிள் கட்டிய கார், பின்னால் கேரவன், நடுவில் நாங்கள். ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான 'அடாக்' ஒவ்வொரு கோடைக்கும் நெரிசல் முன்னறிவிப்பு வெளியிடும், மழை வருமா என்று சொல்வதுபோல. 2024இல் ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலைகளில் அவர்கள் எண்ணிய நெரிசல்கள் 5 லட்சத்துக்கும் மேல். நெரிசலுக்கு அந்த மொழியில் 'ஷ்டாவ்' என்று பெயர். வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு மனப்பாடமான சொற்களில் அதுவும் ஒன்று.

சரிங்க, அங்கேயும் நிற்கிறார்கள், ஆனால் ஒழுங்காக நிற்கிறார்கள், அதுதானே சிவிக் சென்ஸ் என்பீர்கள். இதிலும் ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியில் நெரிசல் என்றால் இடது தடத்து வண்டிகள் இடப்புறம் ஒதுங்க வேண்டும், மற்றவை வலப்புறம் ஒதுங்க வேண்டும், நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி. அந்தக் காணொளியை நம் ஆட்கள் 'பாருங்கய்யா, இதான் நாடு' என்று பகிர்ந்துகொண்டே இருப்பார்கள். 2017 ஜூலை 3 அன்று மியூன்ஷ்பெர்க் அருகே ஏ9 நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுலாப் பேருந்து தீப்பிடித்து 18 பேர் இறந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் போக பல ஓட்டுநர்கள் சரியாக வழிவிடவில்லை என்று பெரிய கொந்தளிப்பு எழுந்தது. அதுவரை வழிவிடாததற்கு அபராதம் 20 யூரோ. அந்த ஆண்டு அக்டோபரில் அதைக் குறைந்தது 200 யூரோ ஆக்கினார்கள், உரிமத்தில் கரும்புள்ளிகளோடு. ஒழுங்கு ரத்தத்தில் ஓடுகிறது என்றால் பத்து மடங்கு அபராதம் எதற்கு? வழிவிடாதவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அதைச் சகித்துக்கொள்வதில்லை என்று ஒரு அரசு முடிவெடுத்தது. அவ்வளவுதான்.

இரண்டு நாடும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். 2022இல் ஜெர்மனியில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 2,788 பேர். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 17,884 பேர். மக்கள்தொகை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய எட்டுக் கோடி. ஆறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். 2024 ஏப்ரல் 30 அன்று இதே ஏற்காட்டு மலைப்பாதையில் சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போயின. 'இந்தச் சாலைகளில் என் பிள்ளையைக் கூட்டிப்போக பயமாக இருக்கிறது, அதனால் போகிறேன்' என்று ஒருவர் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் நம் பேச்சு அதுவல்ல. நான்கு மணி நேரம் ஏசி போட்டு காரில் உட்கார வேண்டியிருந்ததே என்பதுதான் நம் புகார். சாவைவிடத் தாமதம் நம்மை அதிகமாகக் கோபப்படுத்துகிறது.

என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. ஒரு சர்வர் தன் திறனில் பாதி அளவுக்கு வேலை செய்தால், ஒரு கோரிக்கை முடிய ஆகும் நேரம் சும்மா இருக்கும்போது ஆவதைப் போல் இரண்டு மடங்கு. 90 சதவீதத்தில் பத்து மடங்கு. 95 சதவீதத்தில் இருபது மடங்கு. இது மிக எளிய வரிசை மாதிரிதான், மலைப்பாதை இதைவிடச் சிக்கல். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: விளிம்பில் இருக்கும்போது பத்தில் ஒரு வண்டியைக் குறைத்தால் இருபது மடங்குத் தாமதம் ஏழு மடங்காக இறங்கிவிடும். நம் கோரிக்கைகள் சர்வரில் குவிந்தால் 'பயனாளர்களுக்கு சிவிக் சென்ஸ் இல்லை' என்று யாராவது அறிக்கை எழுதுவோமா? மேனேஜர் அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவார். வரத்தைப் பரப்பு, கதவில் அளவு வை, ஒரே இடத்தில் அதிகம் பேரை ஏற்று என்போம். சாலைக்கும் அதேதான்.

வரத்தைப் பரப்புவது: ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்கும் கோடை விடுமுறை ஒரே நாளில் தொடங்குவதில்லை. 1964இல் மாநிலங்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மாறி மாறி வரும். நம் 38 மாவட்டங்களுக்கும் ஒன்றாக விட்டு ஒன்றாகத் திறக்கிறோம். பொங்கலை நகர்த்த முடியாது, மே மாதத்தைக் கொஞ்சம் நகர்த்தலாம். கதவில் அளவு வைப்பது: இதை நாமே செய்துவிட்டோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் அளவு வைத்தார்கள். முனகினோம், பதிவு செய்தோம், போனோம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. நாங்கள் ஏற்காட்டுக்கு வந்ததே ஊட்டிக்கு பாஸ் எடுக்கச் சோம்பல்பட்டுத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்த உத்திகளையும் அல்ல. அன்று டிரோலில் நடந்த ஒன்றை.

நெரிசல் தாங்காமல், கைப்பேசி வரைபடம் காட்டிய குறுக்குவழியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். இறங்கிய இடத்தில் காவலர் நின்றார். "இந்த ஊருக்குத்தான் வருகிறீர்களா?" இல்லை என்றோம். திரும்பிப் போய் நெடுஞ்சாலையிலேயே நில்லுங்கள் என்றார். அந்தக் கோடையில்தான் டிரோல் அரசு அந்த விதியைக் கொண்டுவந்திருந்தது: ஊரைக் கடந்து போகிறவர்கள் நெரிசல் நாட்களில் கிராமச் சாலைகளுக்குள் வரக்கூடாது. தங்கள் தெருவைத் தாங்களே கடக்க முடியவில்லை, ஆம்புலன்ஸ் வரவில்லை என்று கிராமத்தார் சொன்னதன் விளைவு. ஜெர்மனியில் பெரும் கூச்சல். வழக்குப் போடுவோம் என்று அமைச்சர்களே பேசினார்கள். டிரோல் அசையவில்லை. விதி அடுத்தடுத்த வருடங்களிலும் வந்தது.

இப்போது குப்பனூருக்கு வாருங்கள். மேலே பாதை நிரம்பினால் கூட்டத்தை இங்கே திருப்பு. மழையில் மண் சரிந்து அந்தப் பாதை மூடினாலும் இங்கே திருப்பு. இந்த ஊரை யாரும் கேட்பதில்லை. சேர்வராயன் மலையில் 60க்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். அவர்களுக்கு மருத்துவமனை, சந்தை, கல்லூரி எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு பாதைகள்தான்.

அன்று எங்களுக்கு எதிரே, மேலே ஏற வேண்டிய அரசுப் பேருந்து ஒன்று நின்றுகொண்டிருந்தது. அது நகர முடியாததற்குக் காரணம் எளிது. இறங்கும் வரிசை நகரவில்லை என்று சில கார்கள் வலப்பக்கம் எடுத்து இரண்டாவது வரிசை போட்டிருந்தன. அந்தப் பேருந்திலிருந்து ஒரு பாட்டி இறங்கினார், தலையில் அரிசி மூட்டை. என் கார் ஜன்னல் பக்கமாக ஒதுங்கி நடந்தார்.

"ஏம்மா, நடந்தா போறீங்க? எவ்ளோ தூரம்?"

"நாலு மைல் இருக்கும் கண்ணு. பஸ் வந்தா வழியில ஏறிக்குவேன். நீங்க போனாத்தான அது வரும்."

குரலில் கோபமே இல்லை. மழை விட்டால் போகலாம் என்பதுபோல் சொன்னார். ஆம், அந்த இரண்டாவது வரிசையில் என் காரும் இருந்தது. வலப்பக்கம் எடுத்தவன் நான்தான். மியூனிக்கில் இரண்டு வருடம் ஒரு முறைகூட கோடு தாண்டாமல் ஓட்டிய அதே கைகள். பேருந்துக்குள் குறைந்தது ஐம்பது பேர். அதை மறித்த என் காரில் குழந்தையோடு சேர்த்து நான்கு பேர்.

'கூட்டம்' என்று நாம் சொல்லும்போது அதில் நாம் இருப்பதில்லை. பாட்டியும் பேருந்தும்தான் கூட்டம், நாம் அதில் மாட்டிக்கொண்டவர்கள். உண்மையில் அந்தப் பாதையை அடைத்தது அவர்கள் அல்ல, சம்பளம் வாங்கி இ.எம்.ஐ.யில் கார் எடுத்து வாரக் கடைசியில் மலையேறும் நாம். அடைத்ததும் நாம், அலுத்துக்கொள்வதும் நாம், அதைக் காரணம் காட்டிக் கிளம்புவதும் நாம். பாட்டிக்கு ஆன்சைட் கிடையாது.

சுற்றுலா இல்லாவிட்டால் மலைக்காரர்கள் எதைத் தின்பார்கள் என்று கேட்பவர்களுக்கு: நகராத காரில் இருப்பவன் மிளகும் வாங்குவதில்லை, பலாச்சுளையும் வாங்குவதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறி வருகிறவன்தான் கடைத்தெருவில் நடப்பான். ஏற்காட்டுக்கும் அளவு வையுங்கள், எத்தனை வண்டி என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்த ஊராட்சிகளின் கிராம சபைகளையும் உட்காரவையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. டிரோலின் ஒரு கிராமத்துக்கு இருக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை குப்பனூருக்கு ஏன் இருக்கக் கூடாது? இதற்கு இனம் மாற வேண்டாம், மூளை மாற வேண்டாம். ஒரு அரசாணை போதும்.

போகிறவர்களுக்கு இன்னொன்று. மியூனிக்கில் ஒரு இரண்டு அறை வீட்டைப் பார்க்கப் போனபோது படிக்கட்டு முழுக்க ஆட்கள், நாற்பது பேராவது இருப்பார்கள். கீழ்வீட்டு மூதாட்டி கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மூடிக்கொண்டார். அவர் பேத்தியிடம் அன்று மாலை என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு ஜெர்மன் தெரியாமலே தெரியும். கூட்டத்துக்குப் பயந்து போகிறவன் போய் இறங்கும் ஊரில் அவனே கூட்டம்.

போகக் கூடாதா? தாராளமாகப் போங்கள். சம்பளத்துக்காகப் போங்கள். சாதி கேட்காத தெருவுக்காக, பிள்ளையின் படிப்புக்காக, சும்மா ஊர் பார்க்கும் ஆசைக்காகக்கூடப் போங்கள். எல்லாம் மரியாதையான காரணங்கள். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் அடைத்த சாலையைக் காட்டி, இங்கே மனிதன் இருப்பானா என்று கேட்காதீர்கள். இருக்கிறார்கள். தலையில் அரிசியோடு நடந்துபோகிறார்கள்.

வீடு வந்து சேரும்போது இரவு ஒன்பது. மகள் தூங்கியிருந்தாள். மனைவி கேட்டாள், "அப்ப என்ன முடிவு பண்ணிருக்க?" சம்பளம் மூன்று மடங்கு, அப்பாவுக்கு மூட்டு வலி, மகளுக்கு அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு என்று இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தோம். "டிராபிக்னு எழுதாத," என்றாள். "அன்னிக்கு ராங் சைடுல எடுத்தது நீதான்."

புதன்கிழமை பதில் அனுப்பினேன். போகிறோம். காரணம் சம்பளம்.