கேட் சாலையைத்தான் மூடுகிறது

நீளமான பதிவு இது. மாடு வைத்திருப்பவர்களும், ரயில்வே கேட் பக்கத்தில் குடியிருப்பவர்களும், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் ஒரு கறவைப் பசு ரயிலில் அடிபட்டுச் செத்தது. மூன்றாம் ஈத்து. பசுவுக்குச் சொந்தக்காரப் பெண் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். கணவர் இல்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்றி வரும் காசில்தான் மகனை பாலிடெக்னிக்கில் படிக்க வைக்கிறார்.

அன்று காலை நான் அங்கேதான் நின்றேன். கேட் மூடியிருந்தது. ஏழெட்டு இருசக்கர வண்டிகள், ஒரு பால் வேன், நடைப்பயிற்சிக்குப் போன நான். வண்டிகளுக்கு நடுவே அந்தப் பசுவும் நின்றது. பால் வேன்காரர் ஹாரன் அடித்தார். பசு நகரவில்லை. நான் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி "ஹை, போ" என்றேன். முன்னால் கேட் கம்பி, பின்னால் வண்டிகள். பசு பக்கவாட்டில் திரும்பியது. கேட் தூணுக்கும் அடுத்திருந்த கல்லுக்கும் இடையில் புகுந்து தண்டவாளத்துக்குப் போய்விட்டது. கேட் கீப்பர் சத்தம் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

அந்தத் தட்டு என் கையில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அங்கே கூடியிருந்தவர்கள் எல்லாரும் "மாட்ட அவுத்து விட்டது ஒன் தப்புதானே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டு மூடுனா மனுஷன் நிப்பான் சார். அவனுக்கு ரயில் வருதுன்னு தெரியும். மாட்டுக்கு ரோடும் ஒரு வழி, தண்டவாளமும் ஒரு வழி. ஒரு வழிய மூடுனா இன்னொரு வழியில போவுது. அது என்ன படிச்சா வந்துருக்கு?"

முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவன் நான். இந்த விஷயத்தை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. ரயில் பாதை நெடுகிலும் மாடு ஏறுவது எளிதல்ல. பக்கவாட்டில் சரிவு, குழி, முட்செடி என்று ஏதாவது தடுக்கும். கேட் இருக்கும் இடத்தில்தான் சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சேர்கின்றன. மாடு கால் இடறாமல் பாதைக்குள் நுழையக்கூடிய வாசல் அதுதான். கேட் கம்பி சாலையை மூடுகிறது. அந்த வாசலின் பக்கவாட்டை யாரும் மூடுவதில்லை.

மாடு ஏன் அங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இது தெரியும். சம்பா அறுப்புக்கு முன்பே வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். தை முதல் பங்குனி வரை வயலில் மாட்டை விட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் ஊரெல்லாம் தண்ணீர். காய்ந்த மேடு என்று இருப்பது ரயில் பாதைதான். மேய்ச்சல் புறம்போக்கு என்று கணக்கில் இருந்த நிலம் எங்கள் ஊரில் இப்போது கட்டடமாக நிற்கிறது. மிச்சமிருக்கும் பசும்புல் ரயில்வே ஓரத்தில்தான் இருக்கிறது. போதாததற்குக் கேட் பக்கத்தில் குப்பையையும், கல்யாண மண்டபத்து இலையையும் கொட்டுகிறோம். விருந்து வைத்துக் கூப்பிட்டுவிட்டு, ஏன் வந்தாய் என்று மாட்டைக் கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் திருவாரூர்–காரைக்குடி பாதையில் மீட்டர் கேஜ் ரயில் 2012 இல் நின்றது. அகலப்பாதை வேலை முடிந்து முழுப் பாதையிலும் ரயில் மறுபடி ஓடியது 2019 ஜூனில். இடையில் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் பிறந்து வளர்ந்த மாடுகளுக்கு அது ரயில் பாதையே இல்லை, மேய்ச்சல் தரை. மாட்டை மட்டும் சொல்வானேன்? நானே என் கன்றுக்குட்டியை அங்கே முளையடித்துக் கட்டியிருக்கிறேன். திரும்ப ஓடத் தொடங்கியபோதும் பல கேட்டுகளில் ஆள் இல்லை. ரயிலிலேயே கேட் கீப்பர் வருவார். ரயில் நிற்கும், அவர் இறங்கிக் கேட்டை மூடுவார், ரயில் கடந்த பிறகு திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். அந்த வேகத்துக்குப் பழகிய ஊர் இது. வேகம் கூடக் கூட, பழைய பழக்கம் ஆபத்தாகிறது.

கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு கணக்கு. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கும். ஓட்டுநர் 300 மீட்டர் தூரத்தில் மாட்டைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இருப்பது 10 விநாடி. அந்த வேகத்தில் ரயில் முழுதாக நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். ஆக, பார்த்தாலும் பயனில்லை. "டிரைவர் பிரேக் போட்டிருக்கலாமே" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

செத்தது மாடுதானே என்று கடந்து போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

1995 ஆகஸ்ட் 20, உத்தரப் பிரதேசத்தில் ஃபிரோசாபாத் பக்கம். காளிந்தி எக்ஸ்பிரஸ் ஒரு விலங்கின் மீது மோதியது. நீல்காய் என்றும் பசு என்றும் சொல்வார்கள். பிரேக் பழுதாகி ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. நிற்பது தெரியாமல், அதே தண்டவாளத்தில் பின்னால் வந்த புருஷோத்தம் எக்ஸ்பிரஸுக்கு வழி கொடுத்துவிட்டார்கள். அது வந்து மோதியதில் 300க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வழி கொடுத்தது மனிதத் தவறு. ஆனால் தொடக்கம் பாதைக்குள் வந்த ஒரு விலங்கு.

1984 ஜூலை 30, ஸ்காட்லாந்தில் போல்மான்ட் என்ற ஊர். எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ போன ரயில் ஒரு பசுவின் மீது மோதித் தடம் புரண்டது. 13 பேர் செத்தார்கள். அந்த ரயிலில் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளியது, முன்னால் இருந்தது எடை குறைந்த பெட்டி. சேதமான வேலி வழியாகத்தான் பசு உள்ளே வந்திருந்தது. ஒரு வேலியின் ஓட்டை, 13 உயிர்.

நம் நாட்டில் வந்தே பாரத் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2022 அக்டோபர் 6 அன்று குஜராத்தில் எருமைகள் மீது மோதி அதன் மூக்குப் பகுதி உடைந்தது. மறுநாளே ஆனந்த் பக்கம் ஒரு பசு மீது மோதியது. அதன் பிறகு மும்பை–ஆமதாபாத் பாதையில் 600 கிலோமீட்டருக்கு மேல் இரும்பு வேலி போட்டார்கள். வேகமான ரயிலுக்கு வேலி வேண்டும் என்று துறையே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

"மாட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போடு" என்கிறார்கள் சிலர். சட்டம் இருக்கிறது. 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147 ஆம் பிரிவு அத்துமீறி நுழைவதைப் பற்றியது. 154 ஆம் பிரிவு கவனக்குறைவால் பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்குவதைப் பற்றியது. இரண்டிலும் சிறைத் தண்டனை வரை உண்டு. தெரிந்தே மாட்டைத் தண்டவாளத்தில் மேயவிடுகிறவரைத் தண்டிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் இதற்கு முந்தைய 1890 ஆம் ஆண்டு சட்டத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். வழிதவறி வரும் மாட்டின் உரிமையாளருக்குத் தலைக்கு ஐந்து ரூபாய் வரை அபராதம் என்றது. எந்தப் பாதையில் வந்தால்? மாடு நுழையாதபடி வேலி போட்டிருக்கும் பாதையில் வந்தால். வேண்டுமென்றே ஓட்டி விடுகிறவருக்குத் தனியாக, கூடுதல் அபராதம். முதலில் வேலி, பிறகு அபராதம். அந்த நியாயம் இன்றைக்கும் பொருந்தும். இப்போதைய சட்டத்தின் 18 ஆம் பிரிவிலும் வேலியும் கேட்டும் போடச் சொல்லி ரயில்வே நிர்வாகத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது.

நாடு முழுக்க வேலி போடச் சொல்லவில்லை நான். அதற்கு ஆகும் பணத்தை விடுங்கள், ஊரை இரண்டாகப் பிரித்து வேலி போட்டால் வயலுக்குப் போகிறவன் அதைப் பிய்த்து வழி செய்துகொள்வான். நான் கேட்பது கேட் இருக்கும் இடத்தில் மட்டும்.

1. கேட் தூணிலிருந்து தண்டவாளத்தின் இரு பக்கமும், இரண்டு திசையிலும் கொஞ்ச தூரத்துக்கு மாடு நுழைய முடியாத வேலி வேண்டும். தூணுக்கும் வேலிக்கும் நடுவில் சந்து இருக்கக் கூடாது.

2. சாலை முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்தில், தண்டவாளங்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் மாடு கால் வைக்கத் தயங்கும் தரை வேண்டும். கல்லூரி, அரசு அலுவலக வாசல்களில் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்களே, அதே தத்துவம்தான். இங்கிலாந்தில் கேட்டுகளின் பக்கவாட்டில், கூர் முனை மேலே தெரிய முக்கோணக் கட்டைகளை வரிசையாகப் பதிக்கிறார்கள். ஆளும் நடக்க மாட்டான், மாடும் நடக்காது. ரயிலுக்கு இடைஞ்சல் இல்லை.

3. கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டிய ஊர்களில் மழைத் தண்ணீர் தேங்காமல் பார்க்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் எந்த மாடு இறங்கும்? மேலே ஏறித் தண்டவாளத்தைத் தாண்டும். மனிதர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

4. கேட் பக்கத்தில் குப்பை கொட்டக் கூடாது. இது ரயில்வே வேலை இல்லை, ஊராட்சி வேலை. நம் வேலை.

5. கோடையில் கிடை போட ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளுடன் வருகிறார்கள். பாதி மந்தை அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் இருக்கும்போது கேட் மூடினால் என்ன ஆகும்? கடப்பதற்கு முன் கேட் கீப்பரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். இடம் கொடுக்கும் நிலக்காரர்கள் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

6. மாட்டுக்காரர்களுக்கு: பால் கறந்தவுடன் அவிழ்த்து விடாதீர்கள். குறைந்தது காலை, மாலை ரயில் நேரத்திலாவது கட்டி வையுங்கள். மாடு தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டால் நீங்கள் ஓடிப்போய் இழுக்காதீர்கள். மாட்டைக் காப்பாற்றப் போன ஆள் சாகக் கூடாது. முதலில் கேட் கீப்பரிடம் சொல்லுங்கள். அவரிடம் சிவப்புக் கொடியும் விளக்கும் எச்சரிக்கை வெடியும் உண்டு. ரயில்வே உதவி எண் 139.

7. கேட்டில் காத்து நிற்பவர்களுக்கு: பக்கத்தில் மாடு நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், தட்டாதீர்கள். முடிந்தால் கேட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நின்று, வந்த வழியே திருப்பி ஓட்டுங்கள். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் கேட்டுக்கு இந்த முதல் இரண்டு வேலைகளையும் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்து வாங்கப் போனபோது ஒருவர் சொன்னார், "வாத்தியாரே, செத்த மாட்டுக்கு மனுவா?" இல்லை. அடுத்து வரும் மாட்டுக்கும், அந்த ரயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும்தான்.

அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போட்டார். ஏழாம் வகுப்பில் நான் திருத்திய அதே கோணல் கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலே இடம் விட்டு வைத்திருந்தேன். நான் தட்டியதை அவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்க தட்டலேன்னா வேற யாராச்சும் தட்டியிருப்பாங்க சார். அங்க ஒரு வேலி இருந்திருந்தா யாரு தட்டியும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார்.

உங்கள் ஊர் கேட்டையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். தூணுக்குப் பக்கத்தில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நம் ஊர்க்காரர்கள் மனுவில் கையெழுத்துப் போட ஞாயிறு காலை நூலகத்துக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன்.