மாலைப் பார்சலுக்கு மாற்று நம் வயலிலேயே இருக்கிறது

தமிழகத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்கிறது. அந்தச் சோளத்தில் பெரும்பகுதி நம் தட்டுக்கு வருவதில்லை, கோழித் தீவனத்துக்குப் போகிறது. தீவனம் தின்று வளர்ந்த பிராய்லர் கோழி, மாவும் சிவப்பு நிறமும் பூசிக்கொண்டு எண்ணெயில் பொரிந்து, சில்லி சிக்கனாக அதே ஊர்க் கடைவீதிக்குத் திரும்புகிறது. அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலையில் ஷிப்டு முடிந்து வருபவரும், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவரும் பரோட்டா பார்சலோடு வீடு திரும்புவதில் வியப்பில்லை. அலுத்துப்போன உடம்புக்கு அடுப்பு மூட்டத் தெம்பிருக்காது. ஆகவே பார்சல் பழக்கத்தை உபதேசத்தால் மாற்ற முடியாது. அரை மணி நேரத்துக்குள் முடிகிற, உள்ளூர் விளைச்சலை நம்பிய சமையலால்தான் முடியும்.

மாற்று ஏன் தேவை? ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து வேண்டாத சேர்மங்கள் பெருகுகின்றன. பொரித்த எண்ணெயில் இப்படிச் சேரும் 'போலார்' சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் அதை அளக்கும் கருவி தள்ளுவண்டியில் இருக்காது. கருத்த நிறமும் அடங்காத நுரையும் புகையும்தான் நம் கண்ணுக்குத் தெரியும் சாட்சி. மாவு, எண்ணெய், உப்பு மூன்றும் இரவு உணவாகவே நிலைத்துவிட்டால் உடல் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தே ஏறும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இதற்கு பரோட்டா மட்டுமே காரணமென்று சொன்னால் அது பொய். ஆனால் தினசரி உணவு பெரிய காரணங்களில் ஒன்று என்பதை மறுக்க முடியாது. அதேபோல, வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு பண்டம் நல்லதாகிவிடாது. பலகாரம் சுட்ட எண்ணெயைத் தூக்கில் ஊற்றிவைத்து நாள்கணக்கில் தாளிக்கும் வீட்டுக்கும் மேலே சொன்ன வேதியியல் பொருந்தும்.

அதனால் கடைப் பண்டத்தை அப்படியே நகலெடுக்காமல், அதில் நாவு தேடும் காரத்தையும் மொறுமொறுப்பையும் வேறு வழியில் கொடுக்க வேண்டும். கோழியை மிளகு, சீரகம், பூண்டோடு பிசறி, பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைத் தாராளமாக வதக்கி, மூடிபோட்டு அதன் நீரிலேயே வேகவிட்டுக் கடைசியில் சுருள வறுத்தால் 2 கரண்டி எண்ணெயில் வேலை முடியும். பரோட்டாவின் இடத்தில் கம்பும் உளுந்தும் அரைத்த மாவில் முறுகலாகத் தோசை. மக்காச்சோளத்தை ரவையாக உடைத்து வறுத்து வைத்திருந்தால் காய்கறி போட்ட உப்புமா 20 நிமிடத்தில் தயார். சாயந்திரத் தீனிக்கு வேர்க்கடலைச் சுண்டலைவிட வேறென்ன வேண்டும்?

பிள்ளைகள் உப்புமாவைத் தொடமாட்டார்கள் என்பார்கள். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடுவது உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும்தான். சூடாக, காய்கறியும் சாம்பாருமாகக் கொடுத்தால் அவர்கள் ஒதுக்குவதில்லை. விலை பற்றிய தடை இதைவிட வலுவானது. ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது வரகரிசியைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வது கூலிக் குடும்பத்துக்குப் பாரம். அவர்களுக்கு ரேஷன் அரிசியும் துவரம்பருப்பும் கீரையும் சேர்த்த சோறே பார்சலைவிட மேலானது, மலிவானது. சிறுதானியம் வாரத்தில் ஓரிரு நாள் போதும்.

இன்னொரு தடையை நான் மனதாரச் சரியென்று ஏற்கிறேன். 'வீட்டிலேயே சமையுங்கள்' என்ற அறிவுரை நடைமுறையில் பெண்ணின் தலையில் விழும் கூடுதல் வேலை. காலையில் களையெடுக்கப் போனவரிடம் இரவு கம்பு அரைக்கச் சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை. வீட்டு ஆண்கள் வெங்காயம் உரிக்கவும் தோசை ஊற்றவும் இறங்காதவரை இந்தப் பேச்சு பாதிதான் நியாயம். மீதிப் பாதிக்கு அரசு உதவலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் கம்பு மாவையும் சோள ரவையையும் உரித்த சின்ன வெங்காயத்தையும் மாலை 5 மணிக்குப் பேருந்து நிலையங்களில் விற்க இடம் ஒதுக்கலாம். பரோட்டா மாஸ்டரின் பிழைப்பு கெடுமே என்ற கவலையும் இங்கேயே தணியும்: அவர் கல்லிலேயே கம்புத் தோசையும் வார்க்க முடியும், கேட்பதற்கு ஆள் இருந்தால்.